எளாவூர்த் தோப்பிலிருந்து குடியம் காடு வரை

(நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டு சந்திப்பில் ஆற்றிய உரை)

மேடையில் அமர்ந்திருக்கும் முதல்வர் அவர்களே, இன்றைக்கும் என்னைப் பார்த்தவுடன் "ரெக்கார்டு நோட்டு எங்கேப்பா?" என்று கேட்கக்கூடிய எங்கள் ஆசிரியப் பெருமக்களே, என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நண்பர்களே, அவர்களைக் கையைப் பிடித்து அழைத்து வந்திருக்கும் குடும்பத்தாரே, சாப்பாடு எப்போது என்று பார்த்துக்கொண்டிருக்கும் மாணவச் செல்வங்களே!

சங்கச் செயலாளர் என்னைப் பேசக் கூப்பிட்டபோது, "வாழ்க்கையில் முன்னேறுவது எப்படின்னு பசங்களுக்கு ஏதாவது சொல்லுடா" என்றார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் முப்பத்தைந்து வருஷம் ஷிப்ட் பார்த்துவிட்டு ரிட்டயர் ஆனவன் நான். முன்னேறியவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது நடக்கிறது ஒன்றுதான். அதைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். "வாக்கிங்கா? சுகருக்கு நல்லதுதான்" என்று ஒத்துக்கொண்டார். அவருக்குச் சுகர் உண்டு.

விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் இங்கிலாந்தில் கென்ட் என்கிற பகுதியில் இருக்கிறாள். ரிட்டயர் ஆன மறு வருஷம் நானும் வீட்டுக்காரம்மாவும் இரண்டு மாசம் போய் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அங்கே குடும்பம் குடும்பமாகக் கிளம்பிவிடுகிறார்கள். பாட்டி, கைக்குழந்தை, நாய் எல்லாரும். எங்கே? காட்டுக்கு. காடு என்றால் புலி சிங்கம் இருக்கிற காடு இல்லை. ஊருக்குப் பின்னால் ஒரு மேடு, ஒரு பள்ளம், கோதுமை வயல், அதைத் தாண்டினால் மரக்கூட்டம். வசந்த காலத்தில் தரை முழுக்க நீலப் பூ. அடுத்தவன் வயலுக்குள்ளேயே ஒற்றையடிப் பாதை போகிறது. வேலி குறுக்கே வந்தால் ஏறித் தாண்டச் சின்னதாக மரப்படி வைத்திருக்கிறான். அந்த வழியில் நடக்க யாருக்கும் உரிமை உண்டு, சட்டம் அப்படி. நிலத்துக்காரன் "யார்றா அது" என்று கேட்க முடியாது.

அந்த மரக்கூட்டத்தின் வாசலில் ஒரு பலகை. 'தொன்மையான காடு' என்று போட்டிருந்தான். எவ்வளவு தொன்மை என்று மருமகனைக் கேட்டேன். 1600ஆம் வருஷத்திலிருந்து அழியாமல் தொடர்ந்து காடாகவே இருந்தால் இங்கிலாந்தில் அதற்கு அந்தப் பட்டமாம். நானூறு வருஷம். எனக்குச் சிரிப்பு வந்தது. நம்ம ஊரில் நானூறு வருஷத்தை யார் மதிக்கிறார்கள்! அப்போது என் பேரன், ஏழு வயசு, கேட்டான்: "தாத்தா, உங்க எளாவூர்ல பழைய காடு இருக்கா?"

சிரிப்பு நின்றுவிட்டது. "இருந்ததுப்பா" என்றேன். "இப்போ?" என்றான். பேச்சை மாற்றி ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்.

அந்தப் பேச்சை இன்றைக்கு இங்கே மாற்றாமல் சொல்லிவிடுகிறேன்.

எளாவூர் தெரியாதவர்களுக்கு: கும்மிடிப்பூண்டிக்கு அடுத்த ரயில் நிலையம். அதற்கு அடுத்து ஆரம்பாக்கம், அதைத் தாண்டினால் ஆந்திரா, தடா. லாரிக்காரர்களைக் கேட்டால் எளாவூர் என்றால் செக்போஸ்ட் என்பார்கள். கிழக்கே பழவேற்காடு ஏரி. ஏரிக்கு அந்தக் கரையில் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விட்டால் எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்க்கலாம், டிக்கெட் கிடையாது.

எங்கள் ஆயாவுக்கு, அதாவது அப்பாவின் அம்மாவுக்கு, ஊர் ஓரத்தில் ஒரு தோப்பு இருந்தது. எண்பது சென்ட். நடுவில் ஓர் அம்மன், கூரை கிடையாது. தோப்பு என்றால் மாந்தோப்பு, தென்னந்தோப்பு என்று நினைக்காதீர்கள். யாரும் நட்டதில்லை, யாரும் தண்ணீர் விட்டதில்லை. பத்துப் பதினைந்து முழ உயரத்துக்கு மேல் எந்த மரமும் இல்லை. ஆனால் உள்ளே போனால் சித்திரை வெயிலிலும் மசமசவென்று இருட்டு. காயா, வீரை, பாலை, இரும்பிலி, காரை, களா, சூரை, சிற்றீச்சை. அங்கே விறகு பொறுக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது. பழம் தின்னலாம். காயாப் பழத்தை ஆயா தெலுங்கில் அல்லிப்பழம் என்பாள். எல்லை ஊர் இல்லையா, எங்களுக்கு மரத்துக்கெல்லாம் ரெண்டு பேர்.

நம் கல்லூரியில் தாவரவியல் சேர்ந்த பிறகுதான் எனக்கு அதன் மதிப்பு தெரிந்தது. எங்கள் வாத்தியார் ஒருமுறை களப்பயணமாக வகுப்பையே அங்கே கூட்டி வந்தார். உள்ளே நுழைந்தவர் ஐந்து நிமிஷம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "இது உலர் பசுமைமாறாக் காடு. சோழ மண்டலக் கரை நெடுக ஒரு காலத்தில் இதுதான் இருந்தது. இப்போது சாமி பெயரைச் சொல்லிப் பிழைத்திருக்கிற துண்டுகள்தான் மிச்சம்."

மாணவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். நம் பக்கம் மழை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். அதற்கப்புறம் மாசக்கணக்கில் காய்ச்சல். இப்படிப்பட்ட ஊரில் மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்பதுதான் உலக வழக்கம். இந்தக் காட்டு மரங்கள் உதிர்ப்பதில்லை. இலையைச் சின்னதாக, தடிப்பாக, தோல் மாதிரி வைத்துக்கொண்டு, உயரமாக வளர ஆசைப்படாமல், வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கும். ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுதளத்தைச் சுற்றி ஒரு பெரிய பரப்பு இன்னும் இருக்கிறது. சென்னை நகரத்துக்குள்ளேயே கிண்டியில் ஒரு துண்டு இருக்கிறது, 1978இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். புதுச்சேரிக்குப் பக்கத்தில் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சுற்றி ஒன்று.

சீமைக்கருவேலத்தைப் பார்த்துவிட்டு அதைக் காடு என்று சொல்லாதீர்கள். அது நேற்று அமெரிக்காவிலிருந்து வந்தது.

2006இல் அந்த எண்பது சென்ட் விலைக்கு வந்தது. குடோன் கட்ட இடம் கேட்டார்கள். பாகம் பிரியாத சொத்து, வாரிசு ஏழு பேர். ஏழு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் வாங்குவோம் என்றார்கள். ஆறு பேர் போட்டுவிட்டார்கள். ஏழாவது ஆள் நான். யாரும் என்னை மிரட்டவில்லை, ஏமாற்றவும் இல்லை. எனக்குப் பெண்ணை இன்ஜினியரிங் சேர்க்கப் பணம் வேண்டியிருந்தது. போட்டேன். ஒரு ஜேசிபி ஒன்றரை நாள் வேலை செய்தது. அம்மனுக்கு மட்டும் டைல்ஸ் ஒட்டி, கிரில் கேட் போட்டு, ஒரு சின்னக் கோயில் கட்டிக் கொடுத்தார்கள். ஊரில் அதைப் பெருமையாகத்தான் பேசினார்கள். ஆயா அப்போது இல்லை. இருந்திருந்தால் நான் போட்டிருக்க மாட்டேன் என்றும் சத்தியம் பண்ண முடியாது.

அந்தப் படிப்புதான் மகளைக் கென்ட் வரை கொண்டுபோனது. அங்கே பிறந்த பையன்தான் அந்தக் கேள்வியைக் கேட்டான்.

ஊர் திரும்பியதும் நடக்க ஆரம்பித்தேன். முதலில் தனியாக. அப்புறம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், அவர்கள் அம்மாக்கள், பழைய ஷிப்ட் நண்பர்கள். இப்போது மாசம் இரண்டு ஞாயிறு, இருபது பேர் வரை வருகிறார்கள். சங்கமெல்லாம் இல்லை, பெயரும் இல்லை. டீக்கடை வாசலில் ஆறு மணிக்குச் சேர்வோம், அவ்வளவுதான்.

முதல் வழி கிழக்கே, சுண்ணாம்புக்குளம் பக்கம். பனைமர வரப்பு, உப்புப் பூத்த தரை, பிறகு ஏரி விளிம்பு. மார்கழி, தை என்றால் பூநாரைகள் நிற்கும். குழந்தைகளுக்கு அது போதும். ஆனால் நான் அவர்களிடம் பேரைப் பற்றித்தான் கேட்பேன். பழவேற்காடு, ஏன் அந்தப் பேர்? 'பழைய வேர்களின் காடு' என்று பலர் சொல்கிறார்கள். என் தமிழ் வாத்தியார் இங்கே உட்கார்ந்திருப்பதால் பயந்து பயந்து சொல்கிறேன்: வேர் என்றால் வேர்க்காடு என்றுதானே வரும்? வேல் மரத்தோடு காடு சேர்ந்தால்தான் வேற்காடு, திருவேற்காடு மாதிரி. எப்படிப் பிரித்தாலும் காடு நிச்சயம். நம் திருவள்ளூர் மாவட்டத்தைப் பாருங்கள், திருவேற்காடு, திருவாலங்காடு, பழவேற்காடு. மரம் போய்விட்டது, பேரை மட்டும் பஸ் போர்டில் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

அந்தக் காடு சும்மா நின்ற காடும் இல்லை. டச்சுக்காரர்கள் 1613இல் பழவேற்காட்டில் கோட்டை கட்டியதே நம் சோழ மண்டலக் கரைத் துணிக்காகத்தான். அந்தத் துணியின் சிவப்பு சாயவேரிலிருந்து வந்தது. அந்தச் சாயம் துணியில் நிற்பதற்குக் காயா இலையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். எங்கள் ஆயா பழம் தின்னக் கொடுத்த அதே மரம். இதைப் படித்த அன்றைக்கு இராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒரு ஞாயிறு, கும்மிடிப்பூண்டியில் இருக்கும் இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து ஒரு பெரியவர் பேத்தியோடு வந்திருந்தார். கண்மாய்க் கரையில் தனியாக நின்ற ஒரு மரத்தடியில் மஞ்சளாக உதிர்ந்து கிடந்த பழத்தை எடுத்து, துடைத்து, வாயில் போட்டார். "தம்பி, இது பாலைப்பழமல்லோ! வன்னியிலை நாங்கள் இதுக்காகக் காடு காடாத் திரிஞ்சனாங்கள்" என்றார். முப்பது வருஷத்துக்கு மேலாக இங்கே இருக்கிறார், இந்த மரம் இங்கேயும் உண்டு என்று தெரியாதாம். கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே சாதிக் காடு. பேத்திக்கு ஒன்று கொடுத்தார். உதடெல்லாம் பால் ஒட்டிக்கொண்டு அவள் பட்ட பாடு! அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு நாங்கள் அதற்கு மேல் நடக்கவில்லை. அந்த மரத்தடியிலேயே இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டோம்.

இன்னொரு வழி மேற்கே. எளாவூர் தட்டை நிலம், சைக்கிள் விட்டால் தானாக நிற்கும். மேற்கே சத்தியவேடு, ஊத்துக்கோட்டைப் பக்கம் போகப் போகத்தான் தரை ஏறி இறங்க ஆரம்பிக்கும். செம்மண், கூழாங்கல், குன்று. பூண்டி ஏரியைத் தாண்டிக் குடியம் என்கிற ஊர். அங்கிருந்து காட்டுக்குள் நடந்தால் குகை.

இதற்கு ஒரு எச்சரிக்கை. குடியம் காப்புக்காடு, நினைத்தபடி நுழையக் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு நடைப் பயணங்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. 2024 அக்டோபரில் வனத்துறையே 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை முறையாகத் திறந்தது, அதில் குடியமும் ஒன்று. முன்பதிவு பண்ணிக்கொண்டு வழிகாட்டியோடு போகணும். கோடையில் தீ பயம் வந்தால் மூடிவிடுவார்கள். தடா அருவியைப் பற்றி நிறைய இளைஞர்கள் கேட்கிறீர்கள். அங்கே வழுக்குப் பாறையிலும் மடுவிலும் உயிர்கள் போயிருக்கின்றன. குழந்தைகளை நான் அங்கே அழைத்துப் போவதில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

போன தை மாசம் குடியம் போனோம். ஏழு குடும்பம். சின்னவளுக்கு ஆறு வயசு, பெரியவர் எழுபத்திரண்டு. ஏற்றம் பெரிதாக ஒன்றுமில்லை, எல்லோரும் நடந்துவிட்டார்கள். வழிகாட்டியாக வந்தவர் இருளர் இளைஞர். முதல் பத்து நிமிஷம் நான் மரத்துக்கெல்லாம் லத்தீன் பேர் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். அப்புறம் எந்தப் பழத்தைக் கரடி தின்னும், எந்தக் கொடியை அறுத்தால் கட்டுக்கு ஆகும், எந்த வேரைப் பாம்புக்கடிக்கு அவர் தாத்தா எடுப்பார் என்று சொல்ல ஆரம்பித்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். நம் மாவட்டத்தில் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் இந்த மக்களைக் கொத்தடிமையாக வைத்திருந்து மீட்ட செய்தியைத்தான் பேப்பரில் படித்திருக்கிறோம். அவர்களிடம் படிக்கலாம் என்று நமக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

குகை என்றால் பெரிய பாறைக் குடை. அதன் சுவர் முழுக்கக் கூழாங்கல்லைக் கடலை உருண்டை மாதிரி பிடித்து வைத்திருக்கும். பத்துக் கோடி வருஷத்துக்கும் முந்தைய ஆற்றுக் கல் அது. அந்தக் கல்லை எடுத்துத் தட்டித்தான் ஆதி மனிதன் கோடரி செய்தான். ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே மாசம் பல்லாவரத்தில் முதல் கல்லாயுதத்தைக் கண்டெடுத்து, அதே வருஷம் இங்கே பக்கத்தில் அத்திரம்பாக்கத்துக்கும் வந்தார். அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு குழுவினர் தோண்டி, அங்கே கிடைத்த ஆயுதங்களின் வயது 15 லட்சம் வருஷம் என்று 2011இல் வெளியிட்டார்கள். இங்கிலாந்தில் நானூறு வருஷத்துக்குப் பலகை வைத்திருக்கிறான் என்று சொன்னேனே, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பூண்டியில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகமும் இருக்கிறது. கல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள், பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள்.

குகை முகப்பில் பெரிய பெரிய தேனடை தொங்கும். சென்ட் போடாதே, சத்தம் போடாதே என்று முதலிலேயே சொல்லியிருந்தோம். அப்படியும் நம் நண்பர் ஒருவர், பேர் வேண்டாம், மூன்றாவது வரிசையில் இருக்கிறார், பேத்திக்குப் பாட்டுப் போட்டுக் காட்டுவதற்காகச் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன ஸ்பீக்கரை எடுத்தார். இருளர் தம்பி ஒன்றும் பேசவில்லை. மெதுவாக அவர் கையைப் பிடித்து, மேலே காட்டினார். எங்கள் பேட்ச்சில் அவர் அவ்வளவு வேகமாகக் கீழ்ப்படிந்ததை நான் பார்த்ததே இல்லை.

திரும்பும் வழியில் பாதை ஓரத்தில் ஒரு மரத்தைப் பார்த்தேன். பூக்காத சமயம். ஆனாலும் எதிரெதிராக வந்த அந்தத் தடித்த கரும்பச்சை இலையை எனக்குத் தெரியாதா? காயா. நின்றுவிட்டேன். அந்த ஆறு வயசுப் பெண் வந்து, "என்ன தாத்தா, கால் வலிக்குதா?" என்றாள். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் என்னோடு உட்கார்ந்தாள்.

இன்னும் ஒரு விஷயம் சொல்லி முடித்துக்கொள்கிறேன், செயலாளர் கடிகாரத்தைத் தட்டுகிறார். நடக்கப் பாதை வேண்டுமே. இங்கிலாந்துக்காரனுக்குச் சட்டம் இருக்கிறது. நமக்கும் கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேடு இருக்கிறது, நில வரைபடம் இருக்கிறது. வண்டிப்பாதைப் புறம்போக்கு, தோப்புப் புறம்போக்கு, மேய்க்கால், மந்தைவெளி என்று ஒவ்வொன்றும் சர்வே எண்ணோடு எழுதியிருக்கிறது. எங்கள் ஊர் வரைபடத்தை எடுத்துக்கொண்டு நான் நடந்து பார்த்தேன். ஒரு வண்டிப்பாதை காம்பவுண்டுச் சுவருக்குள் போய் முடிகிறது. இரண்டு முள்ளில் மூடிக் கிடக்கின்றன, ஆனால் இருக்கின்றன. உங்கள் ஊர் வரைபடத்தையும் எடுத்துப் பாருங்கள். மாணவர்கள் இதை ப்ராஜெக்டாகவே செய்யலாம். முள்வெட்ட அரிவாள் நான் கொண்டு வருகிறேன்.

தாவரவியல் துறைக்குப் போன வருஷம் போயிருந்தேன். பீரோவில் எங்கள் காலத்து ஹெர்பேரியம் தாள்கள் இன்னும் இருக்கின்றன. என் கையெழுத்தில் ஒரு தாள். காயா. எளாவூர், அம்மன் தோப்பு, 1984. நீலமாக இருந்த பூ டீத்தூள் நிறமாகிவிட்டது. மற்றபடி இலை, காம்பு எல்லாம் பத்திரமாக இருக்கிறது. துறைத்தலைவரிடம் அனுமதி வாங்கி ஒரு போட்டோ எடுத்துப் பேரனுக்கு அனுப்பினேன். எப்படிப் போச்சு என்பதையும், யார் கையெழுத்து என்பதையும் எழுதித்தான் அனுப்பினேன். "வேற எங்கேயாவது இருக்கா தாத்தா?" என்று பதில் வந்தது. குடியம் போட்டோவை அனுப்பியிருக்கிறேன். அடுத்த லீவுக்கு வருகிறான்.

வருகிற ஞாயிறு கிழக்கு வழி. எளாவூர் ஸ்டேஷன் எதிரில் டீக்கடை, காலை ஆறு மணி. தொப்பி, தண்ணீர், ஆளுக்கு ஒரு பொட்டலம். பிளாஸ்டிக் கவர் வேண்டாம். ஸ்பீக்கரும் வேண்டாம்.